பேசாமல் இருந்ததற்கு ஆறு வாரப் பயிற்சி

1

இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் நிறைந்த அன்று காலை, எனக்குச் சண்டை போடத் தெரியாது என்று எழுத்து மூலமாக அறிவித்தார்கள்.

கடிதத்தில் அப்படியே இல்லை. பணியிட முரண்களைத் தீர்ப்பதிலும் பேச்சுவார்த்தை நடத்துவதிலும் தங்களுக்குப் பயிற்சி தேவைப்படுவதாகக் கருதுகிறோம் என்று இருந்தது. ஆங்கிலத்தில் நூற்று எழுபத்தாறு சொற்கள். 'தயவுசெய்து' மூன்று முறை, 'ஆதரவு' ஐந்து முறை, 'கட்டாயம்' ஒரு முறை வந்தன. அந்த ஒன்றுதான் கடிதம். மற்றவை உறை.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பி.காம். முடித்துவிட்டு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். போல்ட், நட்டு, கீல், பலகை என்று எதையும் எண்ணாமல் கைமாற்றியதில்லை. மெல்போர்னுக்கு மகள் வீட்டுக்கு வந்த பிறகும் எண்ணுகிற வேலைதான் வாய்த்தது. ஒன்பது ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் துணிக் கிடங்கில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, நோயாளி அங்கி எல்லாவற்றையும் எண்ணிக் கட்டி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து கிடங்குக்கு இரண்டாயிரத்து நாற்பது அடி. நடந்தே போய்விடுவேன். மகளிடம் கார் கேட்க வேண்டியதில்லை, மருமகனிடம் நேரம் கேட்க வேண்டியதில்லை. இந்த நாட்டில் நான் யாரையும் கேட்காமல் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

அதற்குத்தான் கடிதம் ஆபத்து வைத்திருந்தது. ஆறு புதன்கிழமைகள் வகுப்பு. முடிவில் ஓர் உடன்பாட்டுப் படிவம். கையெழுத்திட மறுத்தால் நகரத்தின் மறுகோடியில் உள்ள வேறொரு மருத்துவமனைக்கு மாற்றம். இரண்டு பஸ், ஒரு ரயில், ஒரு வழிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.

என் குற்றம் என்னவென்று கேட்பீர்கள். யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. உடன் வேலை செய்கிற ஒருவரோடு இருபத்து மூன்று நாட்களாகப் பேசவில்லை. அவ்வளவுதான்.

2

அந்த ஒருவர் சாதிக் பாய். ஆத்தூர்க்காரர், வயது நாற்பத்தொன்பது. அவர் அப்பாவுக்கு ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரம். அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "ஆத்தூர்ண்ணே." "எந்த ஆத்தூருங்க?" "சேலத்து ஆத்தூர்தான்ண்ணே, வேற எதுக்கு ஊர்னு பேரு?" என்றார். எங்கள் பழைய சேலம் மாவட்டத்து மனிதர் எட்டடி தூரத்தில் நின்று வேலை செய்வது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நாலு வருஷம் ஒன்றாக டீ குடித்தோம். நான் 'ஏனுங்க பாய்' என்று தொடங்கினாலே, "நாமக்கல்லுல கோழிகூட முட்டையிட்டுட்டு 'வெச்சுட்டேனுங்க'ன்னு சொல்லுமாமே" என்பார். நான், "ஆத்தூர்க் கோழி அதுகூடச் சொல்லாதுங்க, கடன் வெச்சுட்டுப் போயிரும்" என்பேன்.

பிரிவு வந்தது விரிப்புகளால்.

என் அப்பாவுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கட்டும்போது எங்கள் தோட்டத்தில் நாலு வெற்றிலை மேலே வைப்போம். வழியில் அழுகுவது, கிழிவது, வாங்குகிறவர் மனசு எல்லாம் அந்த நாலுக்குள் அடங்கிவிடும். அவர் கேட்டு வாங்குவது வேறு, கேட்காமலே நாம் வைப்பது வேறு. அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவே இல்லை. பட்டறையிலும் ஐம்பது நட்டு கேட்டால் ஐம்பத்தொன்று கொடுப்பேன். இங்கே இருபது விரிப்புக் கட்டில் இருபத்தொன்று வைத்தேன். தாளில் இருபது என்றுதான் எழுதுவேன். மேலே வைப்பதை எழுதினால் அது மேலே வைத்தது ஆகாது.

எட்டு ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவார்கள், குறைவதைச் சலவையில் போயிற்று என்று எழுதிவிடுவார்கள். இந்த ஆண்டு வாரந்தோறும் எண்ணும் முறை வந்தது. முதல் வாரம் எண்ணியவர் சாதிக் பாய். முப்பத்தேழு விரிப்புகள் குறைந்தன. அவர் என்ன செய்தார்? எட்டடி தூரத்தில் நிற்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 'திருட்டாக இருக்கலாம்' என்று ஒரு வரி.

மேலாளர் கூப்பிட்டார். நான்தான் வைத்தேன், எல்லாம் வார்டுகளில் இருக்கின்றன, போய் எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். எண்ணினார்கள், இருந்தன. இனி வைக்காதீர்கள் என்றார், சரி என்றேன். அலுவலகத்தைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

என்னைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்கியது. திரும்பி வந்த என்னைப் பார்த்து சாதிக் பாய், "அண்ணே, நீங்கன்னு தெரியாதுண்ணே" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த மேசையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மெலே என்ற பெண்ணைப் பார்த்து, "அவரிடம் சொல், தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம் என்று" என ஆங்கிலத்தில் சொன்னேன்.

3

இதை வாசிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே உள்ளவர்களுக்குத்தான் ஆறு வாரம் விளக்கினேன்.

எங்கள் பட்டறையில் முருகேசன் என்று ஒரு வெல்டர், செல்வராஜ் என்று ஒரு பெயின்டர். எதற்காகப் பேச்சு நின்றது என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். இரண்டு வருஷம் ஏழு மாதம் பேசவில்லை. அந்தக் காலத்தில் பட்டறையிலிருந்து அறுபத்து மூன்று லாரிகள் வெளியே போயின. அறுபத்து மூன்றிலும் இருவர் கையும் இருக்கிறது. ஸ்டோர் புத்தகம் என்னிடம் இருந்ததால் சொல்கிறேன்.

எப்படி நடந்தது? நடுவில் பெரியசாமி மேஸ்திரி இருந்தார். செல்வராஜ் அவரிடம் சொல்வார்:

"ஏனுங்க மேஸ்திரி, அந்தாளுகிட்டச் சொல்லுங்க, எடது பக்கக் கதவு அரை இஞ்சு தூக்கிட்டு நிக்குதுன்னு. கண்ணு பொடனில இருந்தாத்தான் இப்புடி வெல்டு வெக்க முடியும்னு சொல்லுங்க."

சொன்னவர் நிற்கிற இடத்துக்கும் கேட்கிறவர் நிற்கிற இடத்துக்கும் ஆறடி. எல்லாம் காதில் விழும். இருந்தாலும் மேஸ்திரி திரும்பி, வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "முருகேசா, எடது கதவு அரை இஞ்சு தூக்கலா இருக்குதாம். பாத்துக்க."

பிடரிக் கண் மேஸ்திரியின் வாயோடு போயிற்று. முருகேசனுக்கு அது காதில் விழுந்திருந்தாலும் அவரிடம் சொல்லப்படவில்லை. சொல்லப்படாத வார்த்தைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. கதவை இறக்கினால் போதும். இறக்கினார்.

செல்வராஜின் அம்மா இறந்தபோது முதல் ஆளாக முருகேசன் போய் நின்றார். பந்தல்கால் நட்டார், தண்ணீர் பிடித்தார், ஒன்றும் பேசவில்லை. பதினேழாம் நாள் பட்டறையில் செல்வராஜ், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார். "சொல்லு" என்றார் முருகேசன். மேஸ்திரி என்னிடம் வந்து, "எனக்கு வேலை போச்சுங்க" என்றார்.

பேசாமல் இருப்பது பகை இல்லை. பகை இருந்தால் பட்டறையை விட்டுப் போவான், அல்லது கையில் கிடைத்த ஸ்பேனரை எடுப்பான். இரண்டையும் செய்யாதிருப்பதற்குத்தான் பேசாமல் இருக்கிறான். இதைத்தான் நான் முதல் வகுப்பில் சொன்னேன். பயிற்சியாளர் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று எட்டிப் பார்த்தேன். 'மௌனம், தவிர்ப்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

4

என் மேல் புகார் கொடுத்தவர் சாதிக் பாய் இல்லை. இதை நான் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்தவர் மெலே.

மெலே சமோவா தீவுக்காரி. நாற்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள், நல்ல சிரிப்பு. முதல் வாரம் எங்கள் செய்திகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரித்துக்கொண்டே கொண்டுபோனாள். பத்தொன்பதாம் நாள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் மனுஷி, தொலைபேசி இல்லை" என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நானும் சாதிக் பாயும் தள்ளுவண்டியிடம் பேசினோம். "இந்த வண்டிய நாலாவது மாடிக்கு அனுப்பணும்னு யாராச்சும் சொன்னாத் தேவலைங்க" என்று நான் வண்டியிடம் சொல்வேன். "வண்டி போயிட்டுத்தான் இருக்கு, அவசரப்படுறவங்க தூக்கிட்டுப் போலாம்" என்று அவர் அதே வண்டியிடம் சொல்வார். இரண்டு இந்தியர்கள் இரும்பு வண்டியோடு பேசுகிறார்கள் என்பதும் கோப்பில் ஏறியது.

மேலாளர் முதலில் விசாரித்தபோதே முடிந்திருக்க வேண்டியது. என் ஆங்கிலத்தால் நீண்டது. "எங்களுக்குள் வார்த்தை எதுவும் இல்லை" என்றேன். பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துச் சொன்னேன். அவர் வாக்குவாதம் எதுவும் இல்லை என்று எழுதி, மகிழ்ச்சி என்று எனக்குக் கைகொடுத்தார். நான்கு நாள் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. அப்புறம் கணினியில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். கடவுச்சொல் ஐந்து முறை தவறி, ஆறாம் முறை பேத்தி போட்டுக் கொடுத்தாள். 'முரண்பாட்டின் வகை' என்ற பட்டியலில் பதினோரு வகைகள் இருந்தன. பேச்சு நிறுத்தியது இல்லை. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பதினான்கு ஆண்டுகளில் நான் அதிகம் தேர்ந்தெடுத்த வகை அது.

பேத்திக்கு வயது பதிமூன்று. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று, "தாத்தா, ஒருவரிடம் பேசாமல் வேறொருவர் மூலமாகப் பேசுவது குழந்தைத்தனம்" என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் சமையலறையில் இருந்த என் மகள் கவிதாவின் தொலைபேசி ஒலித்தது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, மேல அவளுக்குப் படிக்க முடியலையாம்" என்றாள்.

"அந்தச் சாமி இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமல்ல?" என்று மாடியைக் காட்டிக் கேட்டேன்.

"மெசேஜ் போட்டிருக்காங்கப்பா. அது வேறங்கப்பா."

எதில் வேறு என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

5

வகுப்பில் பன்னிரண்டு பேர். சமையல்காரர் இருவர், காவலாளி ஒருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண், மற்றவர்கள் வார்டு உதவியாளர்கள். அதே கடிதம் சாதிக் பாய்க்கும் வந்திருந்தது; அவர் ஜன்னல் ஓரம், நான் கதவு ஓரம். பயிற்சியாளர் பெயர் ஹெலன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல பெண். எதற்கும் கோபப்படவில்லை, அதுவே எனக்குக் கோபம் மூட்டியது.

சொன்னதில் நல்லது இருந்தது. மறைக்க மாட்டேன். எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார், சரியாகப் புரிந்துகொண்டாயா என்று தெரியும் என்றார். மேஸ்திரி அதைத்தானே செய்தார். ஆளை விட்டுவிட்டுப் பிரச்சினையைப் பிடி என்றார். அரை இஞ்சைப் பிடித்துப் பிடரியை விட்டாரே, அதுதான். பெரியசாமி மேஸ்திரி எட்டாம் வகுப்பு. இங்கே அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

'நீ' என்று தொடங்காதே, 'நான்' என்று தொடங்கு என்றார். 'நீ பொய் சொன்னாய்' என்று சொல்லக்கூடாது, 'நான் வருத்தமாக உணர்கிறேன்' என்று சொல்ல வேண்டும். நான் கை தூக்கினேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் 'நீ' என்றே தொடங்க மாட்டோம், 'ஏனுங்க' என்று தொடங்குவோம், கோபம் ஏற ஏற 'ங்க' கூடும் என்றேன். ஒருவரிடம் ஒரு வாக்கியத்தில் மூன்று 'ங்க' வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். ஹெலன் சிரித்தார். ஜன்னல் ஓரத்திலும் ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது.

மூன்றாம் வாரம் நடித்துக் காட்டும் பயிற்சி. ஜன்னல் பக்க மேசை ஒன்று, அதைக் கேட்பவர்கள் இருவர். நானும் ஒரு சமையல்காரரும் பேசி முடிவுக்கு வர வேண்டும். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றேன். அவர் வாரத்துக்கு நான்கு நாள் தனக்கு என்றார். ஆகாது என்று எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டேன்.

நம் ஊரில் விலை படியாவிட்டால் எப்படிப் போவோம்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஆனால் மெதுவாக. நாலு கடை தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பேரம் நடக்கிறது என்று பொருள். நான் நடைபாதையில் நின்றேன். ஒரு நிமிடம் ஆயிற்று. சுவரில் தீயணைப்புக் குறிப்புகள் ஒன்பது இருந்தன. மூன்று நிமிடம் ஆயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை. நான்காம் நிமிடம் நானே கதவைத் திறந்தபோது ஹெலன் கரிசனத்தோடு, "கழிப்பறை இந்தப் பக்கம் இருக்கிறது" என்று கையைக் காட்டினார். மேசை அந்தச் சமையல்காரருக்கே போய்விட்டிருந்தது.

சாதிக் பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "கூப்புட்டாத்தான் வருவாங்கன்னு எனக்குத் தெரியும். நம்மள யாரு கேட்டா?"

நான் என் நாற்காலியிடம் சொன்னேன்: "தெரிஞ்சவங்க சொல்லியிருக்கலாமுங்க."

"எனக்குத்தான் பேச்சு இல்லையே" என்றார் கூரையிடம்.

அதே வாரம் நான் வைத்த முக்கியமான வாதத்தையும் எழுதிவிடுகிறேன். மூன்றாமவர் மூலமாக முதலில் பேசியது நான் இல்லை, சாதிக் பாய்தான் என்றேன். எட்டடியில் நிற்கிற என்னிடம் கேட்காமல் மேலாளரிடம் சொன்னார். அவர் மூன்றாமவரிடம் சொன்னால் நடைமுறை, நான் மூன்றாமவரிடம் சொன்னால் ஒதுக்கல். இதில் எனக்கு நியாயம் சொல்லுங்கள் என்றேன். ஹெலன், "நல்ல கேள்வி" என்றார். இந்த நாட்டில் பதில் இல்லாத கேள்வியை அப்படித்தான் அழைப்பார்கள்.

நான்காம் வாரமே சாதிக் பாய் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக்குக் கடன் இருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் தனி.

6

படிவம் இரண்டு வாக்கியம். 'என் நடத்தை உடன் பணியாற்றுபவரை ஒதுக்கித் துன்புறுத்தியது என்பதை ஏற்கிறேன். இனி எல்லாக் கருத்து வேறுபாடுகளையும் சம்பந்தப்பட்டவரிடம் நேரடியாகப் பேசுவேன்.' கீழே ஒரு கோடு.

ஐந்தாம் வாரம் அதை வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் வைத்தேன். மகள் படித்துவிட்டு, "போட்டுருங்கப்பா. ஒரு கையெழுத்துத்தானுங்க. இங்க யாரும் இதையெல்லாம் நெஜமா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

"நெஜமா எடுத்துக்காததுக்கு எதுக்கு என்ற கையெழுத்து?"

"இந்த வயசுல ரெண்டு பஸ்ஸு, ஒரு ட்ரெயினு மாறிப் போவீங்களா?"

"போவேன்."

என் மனைவி சரோஜா அதுவரை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கியதை நிறுத்தாமல் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள மெலேகிட்டக் கேட்டீங்களா?"

"எதை?"

"உங்க சேதியத் தூக்கறதுக்கு அதுக்குச் சம்மதமான்னு."

நான் படிவத்தை மகள் பக்கம் நகர்த்தினேன்.

"மேஸ்திரி அந்த வேலையப் பாத்தாருன்னா, அவருக்கு அது ஒரு பெருமை. பட்டறையில பெரியாளு. ரெண்டு பேரும் அவரத் தேடி வந்தாங்க. இந்தப் புள்ள துண்டு மடிக்க வந்த புள்ளைங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "நம்மூட்டுல நீங்களும் நானும் பதினோரு நாளு பேசாம இருந்தமே, ஞாபகமுங்களா? கவிதாளுக்குப் பத்து வயசு. 'அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு', 'அம்மாகிட்டப் பசி இல்லைன்னு சொல்லு'ன்னு நடந்து நடந்து, கடைசி நாளு அந்தப் புள்ள எடவழியிலயே உக்காந்து அழுதுச்சு."

கவிதா அழுதது எனக்கு ஞாபகம் இல்லை. பதினோரு நாள் என்பது ஞாபகம் இருந்தது. இவ்வளவு எண்ணுகிறவன் அதை எப்படி எண்ணாமல் விட்டேன் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்குதுங்கப்பா" என்றாள்.

பேச்சு நின்றதிலிருந்து புகார் வந்தது வரைக்கும் நான் மெலேயிடம் கொடுத்தனுப்பிய செய்திகளை அன்று கூட்டிப் பார்த்தேன். அதிகமான ஒரு நாளில் இருபத்தாறு. ஒருமுறைகூட அவளைக் கேட்கவில்லை. அது என் தப்பு. அதற்கு வக்காலத்து இல்லை.

மறுநாள் காலை அவள் மேசைக்குப் போனேன். நடுவில் யாரும் இல்லை, நேராகவே சொன்னேன். "உன்னைக் கேட்காமல் உன் வாயைப் பயன்படுத்திவிட்டேன். மன்னித்துக்கொள்." மெலே மடித்த துண்டை அடுக்கில் வைத்தாள். "எங்கள் தீவிலும் இதற்கு ஆள் உண்டு" என்றாள். "ஆனால் அவருக்கு முதலில் பாய் விரித்து உட்காரவைப்பார்கள்."

7

கடைசிக் கூட்டம் பேச்சு நின்ற எழுபத்தோராம் நாள். மேலாளர், ஹெலன், சாதிக் பாய், நான், மெலே. மெலேயைப் புகார்தாரர் என்ற முறையில் அழைத்திருந்தார்கள்.

மேலாளர் படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

நான் என் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நானே எழுதியது, நான்கு வரி. மெலேயை அவள் சம்மதம் இல்லாமல் நடுவில் இழுத்தது தவறு, இனிச் செய்ய மாட்டேன். எழுதாமல் விரிப்பு வைக்க மாட்டேன். குறை கண்டால் அலுவலகத்துக்குப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். யாரோடு எப்போது பேசத் தொடங்குவது என்பது என் உரிமை. "இதில் கையெழுத்திட்டிருக்கிறேன்" என்றேன்.

ஹெலன் இரண்டு முறை படித்தார். "இது படிவத்தைவிட நன்றாக இருக்கிறது" என்று மேலாளரிடம் மெதுவாகச் சொன்னார்.

மேலாளர் நல்ல மனிதர்தான். "படிவம் தலைமையகத்திலிருந்து வருகிறது. அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"இரண்டே இடத்தை மாற்றலாமா? 'எல்லா' என்பதை எடுத்துவிடுங்கள். 'துன்புறுத்தியது' என்பதற்குப் பக்கத்தில் மெலேயின் பெயரைப் போடுங்கள், கையெழுத்திடுகிறேன். சாதிக் பாயை நான் துன்புறுத்தவில்லை. அவரையே கேளுங்கள்."

"மாற்ற முடியாது."

"பன்னிரண்டு மணி நேரம் எனக்குப் பேச்சுவார்த்தை சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது பேசுகிறேன். எதிரில் ஆள் இல்லையே" என்றேன்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்படியானால் திங்கட்கிழமையிலிருந்து அந்த மருத்துவமனை என்றார். வருந்துகிறேன் என்றும் சொன்னார், இரண்டு முறை.

அப்போதுதான் சாதிக் பாய் பேசினார். கூரையிடம் இல்லை, வண்டியிடம் இல்லை. என் முகத்தைப் பார்த்து, தமிழில்.

"அண்ணே, போட்டுடுங்கண்ணே. நீங்க போயிட்டா நான் யார்கூடண்ணே பேசாம இருக்கறது?"

பழக்கதோஷத்தில் மெலே பக்கம் திரும்பினேன். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள். வேறு வழி இல்லை. அவர் பக்கமே திரும்பினேன்.

"முடியாதுங்க பாய். இல்லாததை இருக்குதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதுங்க. உங்களுக்குப் புள்ளைங்க இருக்குது, நீங்க போட்டது சரிங்க. எனக்கு எல்லாரும் வளந்துட்டாங்க. நான் போட வேண்டியதில்லைங்க."

"கோவமாண்ணே?"

"கோவந்தானுங்க. அந்த 'திருட்டு' வரிக்கு."

"அத நான் எழுதியிருக்கக் கூடாதுண்ணே. யாரோ வெளியாளுன்னு நெனச்சுட்டேன். நீங்க எடுப்பீங்கன்னு செத்தாலும் நெனைக்க மாட்டேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"அன்னைக்கே சொல்லத்தானே வந்தேன். நீங்கதான் மெலே பக்கம் திரும்பிட்டீங்க."

அதற்கு நானும் நல்ல கேள்வி என்று சொல்லியிருக்கலாம்.

மேலாளர் ஹெலனிடம், அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். தெரியவில்லை, ஆனால் நேரடியாகப் பேசுகிறார்கள் என்றார் ஹெலன். அப்படியானால் கையெழுத்திட்டுவிடலாமே என்று மேலாளர் பேனாவை மறுபடி நகர்த்தினார். நான் அதை எடுத்து மூடி, அவர் பக்கம் வைத்துவிட்டு எழுந்தேன். இந்த முறை நடைபாதையில் நிற்கவில்லை.

8

இங்கே வந்து இருபத்து நான்கு வேலை நாட்கள் ஆகிவிட்டன. நிலத்தடிக் கிடங்கு. ஜன்னல் கிடையாது. விரிப்புகள் முன்பைவிட மெல்லிசு. உடன் இருப்பவர்கள் இருவர், இருவரும் காதில் பாட்டுக் கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. அவர்களை யாரும் வகுப்புக்கு அனுப்பவில்லை. அவர்களுக்குள் சண்டை இல்லையாம்.

மகள் வாரத்துக்கு ஒருமுறை, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்கப்பா, எழுதிக் கொடுத்தாத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க" என்கிறாள். முழங்கால் வலிக்கிறது, பொய் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டுப் படிகள். ஏறுகிறேன். நான்கு வரியில் நான் ஒப்புக்கொண்ட தப்பு என்னுடையது, அதை யாரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. என்னுடையதல்லாத தப்பை எவ்வளவு அழகான படிவத்தில் அச்சடித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஆறு பத்துக்கு, முதல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. சாதிக் பாய்.

"என்னங்க பாய், இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்லண்ணே. நாலாவது மாடிக்கு இருபதுதான் அனுப்புனேன். இன்னொண்ணு கேக்கறாங்க. உங்க வேலைண்ணே இது, கெடுத்து வெச்சிருக்கீங்க."

"அதுக்கு எங்கிட்ட எதுக்குங்க? மேலாளருக்கு எழுதிப் போடுங்க."

"எழுத முடியாதேண்ணே. கருத்து வேறுபாடு எதுவா இருந்தாலும் சம்பந்தப்பட்டவர்கிட்ட நேரடியாப் பேசுவேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

அன்றிலிருந்து வேலை நாள் தவறாமல் ஆறு பத்துக்குக் கூப்பிடுகிறார். கட்டுப்பட்டவர், கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் எதிலும் கையெழுத்துப் போடாதவன். எடுக்க வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று முறை மணி அடிக்கவிட்டு, நான்காவதில் எடுக்கிறேன்.